கிருபானந்தம் வீட்டில் மட்டும் பெய்த பனி

“ஜன்னலாண்ட நின்னுக்கினு பேசாம இருந்தாளா? வள்ளியா? எந்த ஊரு வள்ளிய்யா அவ?” என்று செங்கல்வராயன் கத்திக்கொண்டிருந்தபோது, கிருபானந்தம் வீட்டு முற்றத்தில் கணுக்கால் புதையும் அளவுக்குப் பனி கிடந்தது. “அது கலைப்பா, கலை. லுங்கி விக்கிறவனுக்கு எங்க வெளங்கப் போவுது?” என்று கிருபானந்தமும் தொண்டையைத் திறந்தார். “கலையோ கொலையோ, எங்க மொளகாக்கு யாரு சாரே பதில் சொல்றது?” என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரத்தினம்மா மூன்றாவது கட்சியாகச் சேர்ந்துகொண்டாள். எழுபத்திரண்டாம் வருஷம் மே மாதம், நல்ல பகல் வேளை. சித்தூர் மிட்டூரில் மற்ற மாடிகளில் கால் வைக்க முடியாத வெயில். கிருபானந்தம் வீட்டின் மேல் மட்டும் பனி பெய்தது. தெருவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது, போன ஆடியிலிருந்தே பெய்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்குக் காற்று திரும்பி, ரத்தினம்மா பாயில் காயப்போட்டிருந்த மிளகாயின் மேலும் இரண்டு விரற்கடை கொட்டிவிட்டது என்பதுதான் புதுச் செய்தி.

பனி என்றதும் மார்கழி விடியலில் தலைக்குத் துண்டு கட்ட வைக்கிற பனி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். இது வேறு சரக்கு. பஞ்சு மாதிரி வெள்ளையாக, சத்தமில்லாமல் இறங்கி, மிதித்தால் நறநறவென்று நெரிகிற கனடாப் பனி. அது எப்படி இங்கே வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கிருபானந்தத்தின் பேனாவின் குணத்தைச் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளியில் சரித்திரப் பாடம் எடுத்த அவர், மெட்ராஸ் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவர். அவர் எழுதுகிற விஷயம் எதுவோ அது சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் நடந்துவிடும். அறுபத்து நான்கில் அவர் வெங்காய பஜ்ஜிக் கடைக்காரனைப் பற்றி ஒரு கதை எழுதினார். அந்த வாரம் மிட்டூர் முழுக்க பஜ்ஜி வாசனை அடித்தது, ஏழைபாழைகள் வெறும் சோற்றை அந்த வாசனையோடு பிசைந்து சாப்பிட்டார்கள். மாம்பழக் கூழ் ஆலையைப் பற்றி எழுதியபோது தெருவில் ஈ மொய்த்தது. வேலூர் பஸ் வழியில் நின்றுபோன கதை அச்சானபோது வேலூர் பஸ் நிஜமாகவே நின்றுவிட, கண்டக்டர் வீடு தேடி வந்து, அடுத்த கதையை ரயிலைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்குக் கைராசி, சிலருக்கு வாய்ராசி, இவருக்குப் பேனாராசி என்று விட்டுவிட்டார்கள்.

செங்கல்வராயன் நகரியில் தறி போடுகிற குடும்பத்துப் பிள்ளை. சித்தூர் பஜாரில் லுங்கி, துண்டுக் கடை வைத்து அப்படியே இந்த ஊர்க்காரனாகிவிட்டான். ஒரு வரி எழுதினவன் இல்லை, ஆனால் படிக்காத பத்திரிகை இல்லை. கிருபானந்தத்தின் கதைகளுக்கு முதல் வாசகன் அவன்தான், முதல் திருடு கொடுத்தவனும் அவன்தான். சனிக்கிழமை சாயங்காலம் கடைப் பலகையில் உட்கார்ந்து அவன் வாயில் வருவதெல்லாம் அடுத்த மாதம் அச்சில் வந்துவிடும். அவனுக்கு அதில் ரொம்பப் பெருமை. “எம் பேச்சு மெட்ராசு வரைக்கும் ஓசி டிக்கெட்டுல போயிக்கினு கீது” என்பான். அந்தக் காலத்துக் கதைகளில் எல்லாரும் சண்டை போடுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், எப்போது பார்த்தாலும் எதையாவது துன்னுக்கினு இருப்பார்கள். படித்து முடித்தால் வாசகனுக்கே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

அறுபத்தெட்டில் காய்ச்சல் கண்டு செங்கல்வராயனின் மனைவி வள்ளி இறந்துபோனாள். மிட்டூர் குழாயடியில் அவள் வாயைத் தாண்டி ஒரு குடம் கூட நகராது. ரத்தினம்மாவுக்கும் அவளுக்கும் நடந்த சண்டைகளைக் கேட்க அடுத்த தெருவிலிருந்து குடமே இல்லாமல் ஆட்கள் வருவார்கள். தூக்கத்தில் கூடப் பேசுகிறவள். அவள் போன பிறகு ஒரு நாள் காலையில் செங்கல்வராயன் எழுந்து உட்கார்ந்தபோது அவள் குரல் அவனுக்கு மறந்துபோயிருந்தது. சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒரு திட்டு விடாமல். ஆனால் அத்தனையும் அவனுடைய சொந்தக் குரலில் ஓடியது. தன்னைத் தானே திட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. முகத்துக்காவது போட்டோ இருந்தது, குரலுக்கு அவன் எங்கே போவான்? யோசித்து யோசித்து, கடைசியில் கிருபானந்தத்திடம் போய், “நீ எளுதுனா நடக்குது இல்ல? வள்ளிய எளுது. ஆளு வர வேணாம், வாய் வந்தா போதும்” என்று கேட்டான். கிருபானந்தம் கண் கலங்கி, அவன் கையைப் பிடித்து, எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு அவருக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது.

திருச்சபை மூலமாக வாத்தியார்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு ஏற்பாடு. அடுத்த வருஷத்து ஆடி வரைக்கும் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். கோயிலில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, மாலை போட்டு அனுப்பினார்கள். ரத்தினம்மாவுக்கு மட்டும் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. கன்னடம் பேசுகிற சீமைக்குப் போக எதற்கு இத்தனை மாலை, காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் முளபாகல், அங்கே மாவரைக்கிற மிஷின் வைத்திருக்கிற தன் தம்பி வீட்டில் படுத்துக்கொள்ளலாமே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கிருபானந்தத்தின் மனைவி தபீதாள், “அது கன்னடா இல்ல ரத்தினம்மா, கனடா” என்று எத்தனையோ தடவை திருத்தினாள். “நீ படிச்சவ, அளுத்தாம சொல்ற. நாங்க அளுத்திச் சொல்றோம், அவ்ளோதான்” என்றாள் ரத்தினம்மா. அதற்கு மேல் தபீதாளும் விட்டுவிட்டாள்.

எழுபத்தொன்று ஆடியில் கிருபானந்தம் திரும்பி வந்தார். கூடவே முழங்காலுக்குக் கீழே தொங்குகிற ஒரு கறுப்புக் கோட்டு வந்தது. காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்றார். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் தூரத்தில் எதையோ பார்த்தார். அதெல்லாம் கூடப் பரவாயில்லை, எழுத்து மாறிவிட்டது. கதைகளில் இப்போது எட்வின் என்று ஒருவன் வந்தான். எட்வின் ஜன்னல் ஓரம் நின்றான். வெளியே பனி விழுந்தது. எதிரில் ஒரு பெண் இருந்தாள், அவள் ஒன்றும் சொல்லவில்லை. எட்வினும் ஒன்றும் சொல்லவில்லை. கதை முடிந்துவிட்டது. செங்கல்வராயன் அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலில் எச்சில் தொட்டுத் திருப்பிப் பார்த்தான். சித்தூரில் ஜன்னல் என்பது சீப்பு வைக்கவும், பல்லி முட்டையிடவும், கடன்காரன் போய்விட்டானா என்று பார்க்கவும் உள்ள இடம், அங்கே ஒரு மனுஷன் காரணமில்லாமல் எப்படி நிற்பான் என்று அவனுக்குக் குழப்பம். முன்பெல்லாம் அரைப் பக்கத்துக்கு ஓடுகிற வாக்கியங்கள் இப்போது மூன்று வார்த்தையில் நின்றன. “குளுருல சுருங்கிக்கினு இருக்கும், வெயில்ல காய வெச்சா நீளும்” என்றான். மெட்ராஸில் விமரிசகர் ஒருவர் இதைத் தமிழுக்கு வந்த புதுக்காற்று என்று புகழ்ந்து எழுதினார். அந்தக் காற்றில் தபீதாளுக்கும் மகள் கிரேஸுக்கும் ஜலதோஷம் பிடித்து, அடுத்த ஒரு வருஷத்துக்கு விடவில்லை.

ஏனென்றால் பேனாவின் குணம் மாறவில்லை. எட்வின் ஜன்னலில் நின்ற அன்றைக்கே மிட்டூரில் அந்த ஒரு வீட்டின் மேல் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. முதல் வாரம் குழந்தைகள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பெரியவர்கள் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். பூக்காரி மிச்சமான மல்லிகையைக் கொண்டுவந்து அவர் முற்றத்தில் வைத்துவிட்டுப் போனாள், மறுநாள் புதுப்பூ விலைக்கே விற்றது. கோலி சோடாக்காரர் தன் பெட்டிகளைப் படியில் அடுக்கினார். சூளூர்பேட்டையிலிருந்து வரும் புலிக்காட்டு ஏரி மீனை ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருக்க முடிந்ததால் சித்தூரில் மீன் விலை கூறுக்கு நாலணா இறங்கியது. தபீதாள் காலையில் எழுந்ததும் வாசலில் பனியை வழித்துத் தள்ளி, அதற்கு மேலேயே கோலம் போடப் பார்த்த எதிர்வீட்டுப் பெண்ணை விரட்டி, ஆண்டவரே, என் புருஷனை மறுபடியும் பஜ்ஜி பற்றி எழுத வையும் என்று ஜெபம் செய்தாள்.

செங்கல்வராயன் மட்டும் காத்திருந்தான். எட்வின்கள் எல்லாம் போய்த் தொலையட்டும், வள்ளி கதை வந்தால் சரி என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த மே மாதம் கதை வந்தது. கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் படித்தான். கதையில் வள்ளி ஜன்னல் ஓரம் நின்றாள். பனியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. செருப்புக் கூடப் போடாமல் கிருபானந்தம் வீட்டுக்கு ஓடினால், அங்கே ஜன்னல் ஓரம் பனியாலான வள்ளி நின்றுகொண்டிருந்தாள். அதே குள்ளம், அதே பின்கொசுவம், இடுப்பில் கை. எழுத்தின் பலம் குறையவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. செங்கல்வராயன் கிட்டே போய், “வள்ளி” என்றான். அவள் பார்த்தாள். “இன்னா வள்ளி, எதனா சொல்லு” என்றான். அவள் அர்த்தத்தோடு மௌனமாக இருந்தாள். அவன் வேண்டுமென்றே அவள் தம்பியைப் பற்றிக் கேவலமாக நாலு வார்த்தை சொல்லிப் பார்த்தான். உயிரோடு இருந்தவரை அதற்குச் சும்மா விட்டவள் இல்லை. அதற்கும் வாய் திறக்கவில்லை. வெயில் ஏற ஏறத் தோள் கரைந்தது, பிறகு முகம் கரைந்தது, கடைசியில் ஜன்னலடியில் ஒரு குடம் தண்ணீர்தான் மிச்சம். அதைத் தாண்டிக்கொண்டு வந்துதான் அவன் அன்றைக்கு அப்படிக் கத்தினான்.

“மௌனத்துல ஆயிரம் அர்த்தம் இருக்குதுப்பா” என்றார் கிருபானந்தம்.

“எனக்கு ஆயிரம் வேணாம் வாத்தியாரே. ‘ஏன்யா இவ்ளோ நேரம்’னு ஒரே ஒரு அர்த்தம் போதும். அத்தக் குடுக்க முடியல, நீயெல்லாம் கனடாவுக்குப் போயி இன்னாத்தக் கத்துக்கினு வந்த?”

“கன்னடா” என்று மதிலுக்கு அப்பாலிருந்து ரத்தினம்மா திருத்தினாள்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் செங்கல்வராயன் வாய் நிற்குமா? கடைக்கு வருகிறவர்களிடம் புதுப் பாணியில் வியாபாரம் செய்ய ஆரம்பித்தான். ஒருவர் துண்டு என்ன விலை என்று கேட்பார். அவன் தூரத்தில் பார்ப்பான். ரொம்ப நேரம் கழித்து, “துண்டு இருந்தது. விலையும் இருந்தது. கடைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பனி” என்பான். கேட்டவர் முதலில் விழிப்பார், பிறகு சிரிப்பார், பிறகு பக்கத்துக் கடையில் போய்ச் சொல்வார். பஜார் முழுக்க அது பிடித்துக்கொண்டது. சில்லறை பாக்கி தர வேண்டிய கண்டக்டர்கள் “வெளியே பனி” என்றார்கள். ஆபீஸில் பைல் எங்கே என்று கேட்டால் குமாஸ்தாக்கள் “வெளியே பனி” என்றார்கள். கிருபானந்தத்தின் வகுப்பிலேயே, அக்பர் எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான் என்று கேட்டதற்குக் கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பதில் வந்தது. அவர் கோட்டுப் பொத்தானை மேல் வரைக்கும் போட்டுக்கொண்டு, பெரிய எழுத்தாளர்களை அவரவர் ஊர் எப்போதுமே புரிந்துகொண்டதில்லை என்று தபீதாளிடம் சொன்னார். “ஊருக்குப் புரியுது. உங்க சிநேகிதருக்குத்தான் புரியணும், அவரு பாவம், அந்த வாய்க்காக நாலு வருஷமா காத்துக்கினு இருக்காரு” என்றாள் தபீதாள். கிருபானந்தம் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுபடியும் வள்ளியை எழுதிப் பார்த்தார். பேனா ஜன்னலண்டையே போய் நின்றது.

ஐப்பசி வாக்கில் திருப்பதியிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கத்தார் அவரைக் கதை வாசிக்க அழைத்தார்கள். புருஷனைத் தனியாக அனுப்பினால் ஏறின பஸ்ஸையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இறங்க மறந்துவிடுவார் என்று தபீதாள் நேரே கடைக்குப் போய், “அண்ணா, பேச வேணாம், கூட மட்டும் போய் வாங்க” என்று செங்கல்வராயனைக் கேட்டுக்கொண்டாள். தங்கச்சி சொல்லைத் தட்ட முடியாமல் அவனும் கிளம்பினான். இரண்டு பேரும் ஒரே சீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்கார்ந்து போனார்கள். கிருபானந்தம் மனசுக்குள் கதையை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்ததால் சந்திரகிரி தாண்டுவதற்குள் பஸ்ஸுக்குள் குளிர் ஏறிவிட்டது. கண்டக்டர் பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கிக் கட்டினார். அதற்கென்று தனிக் காசு கேட்கவில்லை.

திருப்பதியில் கூட்டம் ஒரு சத்திரத்து ஹாலில் நடந்தது. தலைமை தாங்கியவர் சுந்தரம்மா. பெரிய பஸ் முதலாளியின் விதவை, ஹாலில் சுற்றுகிற மின்விசிறிகள் அவர் உபயம் என்பதால் எல்லாக் கூட்டங்களுக்கும் அவர்தான் தலைமை. பின் வரிசைகளில் மலையிறங்கி வந்த யாத்திரீகர்கள், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகளோடு, கூட்டம் முடிந்தால் டிபன் உண்டு என்று கேள்விப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிருபானந்தம் கோட்டைச் சரி செய்துகொண்டு வள்ளி கதையை வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரியிலேயே மின்விசிறிகளிலிருந்து பனி இறங்கியது. மொட்டைத் தலைகளில் சந்தனத்தின் மேல் வெள்ளை படிந்தது. யாத்திரீகர்கள் துண்டால் தலையை மூடிக்கொண்டு, இது இங்கே வழக்கம் போலிருக்கிறது, பெருமாள் செயல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செங்கல்வராயன் முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஊமை வள்ளியை இன்னொரு தடவை பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை. “ஊர் முழுக்கப் பனி. வள்ளி பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை” என்று கிருபானந்தம் நிறுத்தி, சபையின் மௌனத்தை எதிர்பார்த்தார்.

சித்தூர் ஜில்லாவில் எந்தச் சபையிலும் வாய் பாதி தமிழ் என்றால் காது பாதி தெலுங்கு. தெலுங்கில் பனி என்றால் வேலை. கூட்டத்தில் பாதிப் பேர் இவ்வளவு நேரமும் ஊர் முழுக்க வேலை குவிந்து கிடப்பதாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதியில் சுந்தரம்மாவும் ஒருவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “ஊரந்தா பனி உண்ட்டே ஊரிகே சூஸ்தா நிலபடிந்தா? ஏம் ஆடதப்பா ஆமெ?” என்று கேட்டார். ஊர்பட்ட வேலை கிடக்கிறது, சும்மா பார்த்துக்கொண்டு நின்றாளா, என்ன பெண் பிள்ளையப்பா அவள் என்று அர்த்தம். முதல் வரிசையில் செங்கல்வராயன், “அதான் கேளுங்கம்மா! அப்டித்தான் நானும் கேட்டேன்!” என்று எழுந்தே நின்றுவிட்டான். கிருபானந்தம் பதறிப்போய், பனிக்கு உண்டான தெலுங்கு வார்த்தையைத் தேடிப் பிடித்து, “மஞ்சும்மா, மஞ்சு, ஆகாசத்துல இருந்து விழுமே” என்றார். “மஞ்சு விழட்டும். அதுக்காவ பாத்திரம் தேய்க்காம இருப்பாளா? வாய தெறந்து ஒரு ஆள வேல ஏவ மாட்டாளா?” என்றார் சுந்தரம்மா.

பனி அந்தரத்தில் நின்றது. கூரைக்கும் தலைகளுக்கும் நடுவில், எந்தப் பாஷைக்குக் கட்டுப்படுவது என்று தெரியாமல், ஒவ்வொரு பஞ்சும் இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் யோசித்தது. ஊர் ஆந்திராவில் இருக்கிறது, மின்விசிறிகள் சுந்தரம்மாவுடையவை. அது தெலுங்குப் பக்கம் சாய்ந்து, பனியாக இறங்க ஆரம்பித்தது வேலையாக விழுந்து முடிந்தது. மேலே பட்டவர்களெல்லாம் எழுந்துகொண்டார்கள். யாத்திரீகர்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள். வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தி அறியாத வக்கீல் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிபன் அண்டாவைத் தேய்த்தார். சங்கச் செயலாளர் வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கதவுக்குக் கொக்கி போட்டார். சுந்தரம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எல்லாரையும் ஏவினார், அவர் மேலும் விழுந்திருந்தது.

செங்கல்வராயன் மேல் விழுந்த வேலை பேசுகிற வேலை. நாற்காலி மடக்குகிற சத்தத்துக்கு நடுவில் மேடையேறிக் கிருபானந்தத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, வள்ளி சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். குடத்தை எப்படி வைக்க வேண்டும் என்று அவள் சொன்னது, தறிக்காரன் பெண்டாட்டிக்கு முழுச் சேலை வாய்க்காது என்று சொன்னது, காய்ச்சலில் கிடந்தபோதும் கஞ்சியில் உப்பில்லை என்று அவனைச் சொன்னது. தன்னுடைய குரலில்தான் சொன்னான், வேறு குரல் அவனிடம் இல்லை. கிருபானந்தத்தின் மேல் விழுந்தது எழுதுகிற வேலை. கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். எட்வினுக்கு முந்திய காலத்து வாக்கியங்கள், மூச்சு வாங்குகிற வாக்கியங்கள், ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு வந்தன. நடுவில் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி, “அவ ‘தின்னு’ன்னு சொல்லுவாளா, ‘துன்னு’ன்னு சொல்லுவாளா?” என்று கேட்டார். மே மாதத்துக்கு அப்புறம் அவர் செங்கல்வராயனிடம் பேசிய முதல் பேச்சு அது. “துன்னு” என்றான் செங்கல்வராயன். இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது.

மறுநாள் காலை மிட்டூர் குழாயடியில் ரத்தினம்மா தன் குடத்தை வரிசையின் நடுவில் நுழைத்தபோது, “இன்னாடி ரத்தினம்மா, உங்க நைனா போட்ட கொழாயா இது? எட்றீ கொடத்த” என்று ஒரு குரல் கேட்டது. ரத்தினம்மா பழக்கதோஷத்தில், “உங்க மாமனாரு போட்டதோ?” என்று பதில் கொடுத்து, குடத்தையும் எடுக்காமல், மேலும் இரண்டு சுற்றுச் சண்டை போட்ட பிறகுதான் வள்ளி செத்து நாலு வருஷமாயிற்று என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆள் இல்லை, வாய் மட்டும் இருந்தது. பயப்படலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். நடுவில் விட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே என்று சண்டையைத் தொடர்ந்தாள்.

முதல் பஸ்ஸில் வந்திறங்கிய செங்கல்வராயன், குழாயடியில் கூட்டம் கூடியிருப்பதைப் பார்த்து நடையை எட்டிப் போட்டான். அவனுக்கு வழி விட்டார்கள். அவன் குழாய்க்கு எதிரில் வந்து நின்றான். குரல் அவனை மேலும் கீழும் பார்த்த மாதிரி கொஞ்சம் நிதானித்தது. அவள் குரல்தான். இப்படித்தான் இருக்கும், கடைசியில் கொஞ்சம் கீச்சிடும், அதை எப்படி மறந்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. “அந்த ஜமுக்காளத்த வெயில்ல போடுன்னு படுத்த படுக்கையில சொன்னேனே, போட்டியா?” என்று கேட்டாள் வள்ளி. நிஜமாகவே போடவில்லை. “இதோ போடறேன்” என்று சொல்லிவிட்டுப் போய், பரணிலிருந்து இறக்கி, கொடியில் விரித்தான். விரித்த ஜமுக்காளத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் நின்றதைத் தெரு பார்க்காத மாதிரி இருந்தது. மத்தியானம் கடை திறந்து, துண்டு கேட்டு வந்த முதல் ஆளுக்கு விலையைச் சட்டென்று சொன்னான்.

அதற்கப்புறம் கிருபானந்தம் வீட்டில் பனி பெய்யவில்லை. பூக்காரிக்கும் சோடாக்காரருக்கும் அதில் மனவருத்தம்தான், மீன் விலையும் பழையபடி ஏறிவிட்டது. புதுக்காற்று நின்றுவிட்டதாக மெட்ராஸ் விமரிசகர் வருத்தப்பட்டு எழுதினார். கிருபானந்தம் அந்தப் பத்திரிகையைச் செங்கல்வராயன் கடையிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை துன்னுக்கினு படித்தார். பனி என்ற வார்த்தையை மட்டும் அவர் மறுபடியும் எழுதுவதில்லை. மறந்து எழுதினால் தபீதாளுக்கு வேலை கூடிப்போகும்.

எழுபத்தொன்பதில் கிரேஸுக்குச் சூளூர்பேட்டை மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு ஊரே வந்திருந்தது. கிருபானந்தம் ரிடையர் ஆனதும் தபீதாளோடு மகள் வீட்டுக்கே போய்விட்டார், இப்போது கடல் பக்கத்துக் கதைகள் எழுதுகிறார், சூளூர்பேட்டையில் வீடுகளுக்குள் நண்டு வருகிறது என்று கேள்வி. ரத்தினம்மா மகளை முளபாகலில் தம்பி மகனுக்கே கொடுத்தாள். வந்து கூட இரும்மா என்று மகள் எத்தனை கூப்பிட்டும், காலையில் சண்டைக்கு ஆள் இருக்கிற ஊரை விட்டு வர முடியாது என்று இங்கேயே இருந்துவிட்டாள். வீட்டுக்கு வீடு குழாய் வந்த வருஷம் தெருக்குழாயை எடுக்க வந்த முனிசிபாலிட்டி ஆட்கள், வள்ளியிடம் ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

நடுவில் ஒரு தடவை கார்வேட்டிநகரத்துத் தரகர் சின்னப்பன், செங்கல்வராயனுக்கு இரண்டாம் தாரமாக ஒரு நல்ல இடம் கொண்டுவந்தார். வெயிலில் நடந்து வந்தவர் முகம் கழுவலாம் என்று குழாயடியில் குனிந்தார். பெண்ணின் குலம் கோத்திரத்திலிருந்து அவர் மேல்துண்டின் அழுக்கு வரைக்கும் அங்கே விசாரணை நடந்தது. முகத்தைத் துடைக்காமலே பஸ் ஏறிய அவர், இந்தச் சரகமே வேண்டாம் என்று வேலூருக்குக் குடிபோய்விட்டார். அவரிடம் தொழில் பழகியவர்கள் இன்றைக்கும் சித்தூர், புத்தூர்ப் பக்கம் சம்சாரம் இழந்த மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால், வயசு, வருமானம், வீடு வாசல் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, முதல் தாரம் பேச்சை நிறுத்திவிட்டாளா என்றும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்கிறார்கள்.